துக்கத்துல இருக்குறவங்களுக்கு எது துணை: சொந்தமா, குழுவா, கவுன்சிலரா? பிள்ளைங்களுக்கு எது?

வீட்ல ஒருத்தர் தவறிப்போய் ரெண்டு மூணு மாசம் ஆனவங்க கேக்குற கேள்வி கிட்டத்தட்ட ஒண்ணுதான், வேற வேற மாதிரி கேக்குறாங்க. "எல்லாரும் ஏதாவது குரூப்ல சேருன்னு சொல்றாங்க, முன்னப்பின்ன தெரியாதவங்க முன்னாடி உக்காந்து என்னால அழ முடியாது, கவுன்சிலர்கிட்ட போகவா?" "நான் எப்படியோ சமாளிச்சுக்குவேன், புள்ளைய மட்டும் யார்கிட்டயாவது காட்டணும், எங்க கூட்டிட்டுப் போறது?" "சொந்தக்காரங்க இத்தன பேர் இருக்காங்களே, அது பத்தாதா?"

எட்டு வருஷம் முன்னாடி என் அக்கா வீட்டுக்காரர் திடீர்னு மாரடைப்புல போயிட்டாரு. அக்காவுக்கு அப்ப 38 வயசு, பெரியவனுக்கு 13, சின்னவளுக்கு 6. முடிவெடுக்குற நெலமைல அக்கா இல்ல, அதனால எல்லாத்தையும் நான்தான் ஓடி ஓடிப் பாத்தேன். பையன் வாயே தொறக்க மாட்டேங்குறான்னு அவன வாராவாரம் ஒரு கவுன்சிலர்கிட்ட கூட்டிட்டுப் போனேன், சின்னவளுக்கு ஒண்ணும் புரியாதுன்னு விட்டுட்டேன், அக்காவுக்கு நாங்கல்லாம் இருக்கோமேன்னு நெனச்சேன். மூணுமே தப்பாப் போச்சு. ஏன் தப்பாப் போச்சுன்னு அப்புறம் படிச்சும் பாத்தும் தெரிஞ்சுக்கிட்டதத்தான் இங்க எழுதுறேன், ஏன்னா இதே மூணு தப்ப இன்னைக்கும் நல்ல மனசோட நெறைய பேர் பண்றாங்க.

## முதல்ல எத வச்சு முடிவு பண்றது

எது நல்லதுன்னு கேட்டா பதிலே கிடையாது. யாருக்கு, எப்ப, எந்த அளவுக்குன்னு கேட்டா கொஞ்சம் தெளியும்.

முதல்ல, எந்த அளவுக்குத் தவிக்குறாங்கங்கறது. அழறது அளவுகோலே கிடையாது. எழுந்து குளிக்குறாங்களா, வேலைக்கோ ஸ்கூலுக்கோ போக முடியுதா, ஒரு நாள்ல பத்து நிமிஷமாவது வேற எதையாவது நெனைக்க முடியுதா, அதப் பாக்கணும். பெரும்பாலானவங்க சிகிச்சைன்னு எதுவும் இல்லாமலே, பக்கத்துல மனுஷங்க இருந்தாலே, மெதுவா நடக்க ஆரம்பிச்சுடுறாங்க. இயற்கையான சாவுக்கு அப்புறம் பெரியவங்கள்ல பத்துல ஒருத்தருக்குத்தான் துக்கம் அப்படியே உறைஞ்சு நிக்குதுன்னு 2017ல பல ஆய்வுகளச் சேத்துப் பாத்துக் கணக்குச் சொன்னாங்க. விபத்து, கொலை, தற்கொலைன்னு போனா அந்த எண்ணிக்கை ரொம்பவே கூடும்.

ரெண்டாவது காலம். முதல் மூணு வாரத்துல தேவைப்படுறது ஒண்ணு, அஞ்சாவது மாசத்துல தேவைப்படுறது வேற. நான் இப்ப எந்த உதவியப் பாத்தாலும் முதல்ல கேக்குறது, இது அஞ்சாறு மாசம் கழிச்சும் இருக்குமா அப்படிங்கறதத்தான்.

மூணாவது எப்படிப்பட்ட சாவு, யாரோட சாவு. குழந்தைய இழந்த அப்பா அம்மாவும், 80 வயசு அம்மாவ இழந்த மகனும் ஒரே ரூம்ல உக்காந்தா ரெண்டு பேருக்குமே கஷ்டம். தற்கொலையில ஒருத்தர இழந்தவங்களுக்கு ஊர் பேச்சு, குற்ற உணர்ச்சி, 'ஏன்'ங்கற கேள்வி எல்லாம் தனிச் சுமை, அது அனுபவிச்சவங்களுக்குத்தான் புரியும்.

அப்புறம் மறைஞ்ச செலவு. நான் காசச் சொல்லல. அடுத்தவங்க கதையக் கேட்டு வீட்டுக்குத் தூக்கிட்டு வர்ற பாரம், போக வர ஆகுற நேரம், அந்த நேரம் பிள்ளைய யார் பாத்துக்குறதுங்கற கேள்வி, சொன்ன விஷயம் வெளிய போயிடுமோங்கற பயம், உதவிக்கு வந்தவங்களையே நாம தேத்த வேண்டி வர்ற கொடுமை, இதெல்லாம் சேத்துத்தான்.

கடைசியா வயசு. பிள்ளைங்களுக்குத் தனியாவே எழுதியிருக்கேன், கீழ.

## சொந்தபந்தம், நண்பர்கள், அக்கம்பக்கம்

இத யாரும் ஒரு ஆப்ஷனா எண்ணுறதே இல்ல, ஆனா இதுதான் அஸ்திவாரம். கேக்காமலே வருது, யாருக்கும் போன் போட்டு அப்பாயின்ட்மென்ட் வாங்க வேணாம், போனவர நேர்ல தெரிஞ்சவங்க இவங்க மட்டும்தான், அவரு எப்படிச் சிரிப்பாருன்னு ஞாபகம் வச்சுப் பேச எந்தக் கவுன்சிலராலயும் முடியாது.

ஆனா இதுல ரெண்டு ஓட்டை இருக்கு. ஒண்ணு, வர்றவங்க எல்லாம் ஒண்ணா வர்றாங்க, ஒண்ணாவே கிளம்பிடுறாங்க. அக்கா வீட்ல முதல் மாசம் உக்கார எடமில்ல. மூணாவது மாசம் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல போன் கூட அடிக்கல. எங்களுக்கும் வேலை, குடும்பம்னு இருந்துச்சு, யாரும் வேணும்னு பண்ணல, ஆனா அவளுக்கு அப்பத்தான் அவரு நெஜமாவே வரமாட்டாருன்னு ஒறைக்க ஆரம்பிச்சுது. ரெண்டாவது, சொந்தக்காரங்களும் துக்கத்துலதான் இருக்காங்க. அக்கா எங்கம்மா முன்னாடி அழமாட்டா, ஏன்னா அவ அழுதா அம்மா உடைஞ்சு போவாங்க. ஆக, ஆறுதலுக்குன்னு இருக்குற ஆளுங்க முன்னாடியே நடிக்க வேண்டிய நெலமை.

அப்புறம் அந்த வார்த்தைங்க. "மனசத் தேத்திக்கோ", "அவரு கொடுத்து வச்சவரு, கஷ்டப்படாம போயிட்டாரு", "பிள்ளைங்களுக்காக நீ தைரியமா இருக்கணும்", பையனப் பாத்து "இனிமே நீதான்டா இந்த வீட்டுக்குப் பெரிய ஆம்பள". அன்பாத்தான் சொல்றாங்க. 13 வயசுப் பையன் அந்தக் கடைசி வரிய எடுத்துத் தலைல வச்சுக்கிட்டு ஒரு வருஷம் அழாமலே இருந்தான்.

இது யாருக்குப் போதும்னா, தூங்க முடியுது, வேலை ஓடுது, மனசு விட்டுப் பேச ரெண்டு மூணு பேராவது இருக்காங்க, அவங்க நாலாவது மாசமும் கூப்பிடுவாங்கன்னா போதும். வேற எங்கயும் போகணும்னு கட்டாயமே இல்ல. துக்கத்துல இருக்குற எல்லாருக்கும் கவுன்சிலிங் வேணும்னு சொல்றது ஆய்வுகளோட ஒத்துப்போகல, 2008ல வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு பாத்தப்ப, கஷ்டம் இருக்கோ இல்லையோ எல்லாருக்கும் பொதுவாக் கொடுத்த உதவியால பெருசா பலன் இல்ல, நெஜமாவே திணறிட்டு இருந்தவங்களுக்குக் கொடுத்தப்ப நல்லாவே தெரிஞ்சுதுன்னு வந்துச்சு.

உதவி பண்றவங்களுக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லணும். "எதாவது வேணும்னா கூப்பிடு"ன்னு சொல்லாதீங்க, கூப்பிட மாட்டாங்க. "வியாழக்கிழமை நாலு மணிக்கு வந்து பாப்பாவ ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு வரேன்"ன்னு சொல்லுங்க, ஆறாவது மாசத்து வியாழக்கிழமையும் போங்க.

## ஒரே மாதிரி இழந்தவங்க கூடுற குழு

இதுல அனுபவம்தான் தகுதி. 1960கள்ல பாஸ்டன்ல ஃபிலிஸ் சில்வர்மேன்னு ஒருத்தர், புதுசா கணவர இழந்த பெண்களுக்கு யார் உதவி பண்ண முடியும்னு தேடினப்ப, அதே நெலமையக் கடந்து வந்த இன்னொரு பெண்தான் சரியான ஆள்னு முடிவு பண்ணி ஒரு திட்டமே நடத்தினாங்க. 1969ல இங்கிலாந்துல கோவென்ட்ரி நகரத்துல பிள்ளைய இழந்த பெற்றோருக்குன்னே 'கம்பாஷனேட் ஃப்ரெண்ட்ஸ்' ஆரம்பிச்சதும் அப்படித்தான், ஒரே ஆஸ்பத்திரியில பிள்ளைங்களப் பறிகொடுத்த ரெண்டு குடும்பம் ஒண்ணுக்கொண்ணு ஆறுதலா இருந்தத அங்க இருந்த ஒரு பாதிரியார் கவனிச்சதுலதான் அது தொடங்குச்சு. இன்னைக்கு அது பல நாடுகள்ல நடக்குது.

குழு என்ன பண்ணும்னா, உங்களுக்குப் பைத்தியம் பிடிக்கலன்னு காட்டும். அவரு சட்டைய மோந்து பாக்குறது, ரெண்டு பேருக்குத் தட்டு எடுத்து வைக்குறது, போன்ல அவரு நம்பர அழிக்காம வச்சிருக்குறது, கோவம், அதுவும் போனவர் மேலயே கோவம், இதெல்லாம் நமக்கு மட்டும்தான்னு நெனச்சு வெளிய சொல்லாம வச்சிருப்போம், எதிர்ல இருக்குறவங்க அதயே தன் கதையா சொல்லும்போது இறங்குற பாரம் இருக்கே, அது வேற எதுலயும் கெடைக்காது. அக்கா அஞ்சாவது மாசம் ஒரு குழுவுக்குப் போயிட்டு வந்தா, அன்னைக்கு ராத்திரி என்கிட்ட சொன்னது, "அங்க யாருமே என்ன பாவமாப் பாக்கல"ங்கறதுதான்.

குழுவுல ரெண்டு வகை இருக்கு, சேர்றதுக்கு முன்னாடி இது தெரியணும். எப்ப வேணா வந்து போகலாம்ங்கற திறந்த குழு ஒண்ணு. மாசம் ஒருதடவையோ ரெண்டு தடவையோ நடக்கும், ஒருதடவை போகலன்னாலும் யாரும் கேக்க மாட்டாங்க, வருஷக்கணக்கா இருக்கலாம். ஆனா ஒவ்வொரு தடவையும் புது ஆளுங்க, நேத்துதான் இழந்த மாதிரி வர்ற ஒருத்தர் பக்கத்துல ரெண்டு வருஷமா ஆறிட்டு வர்றவர் உக்காந்திருப்பாரு, அவருக்குப் பழசெல்லாம் கிளறும். இன்னொண்ணு மூடின குழு, எட்டோ பத்தோ வாரம், அதே ஆளுங்க, ஆரம்பமும் முடிவும் உண்டு. நம்பிக்கை சீக்கிரம் வரும், விஷயம் ஆழமாப் போகும், ஆனா அடுத்த பேட்ச் ஆரம்பிக்குற வரைக்கும் காத்திருக்கணும், முடிஞ்ச அன்னைக்கு இன்னொரு சின்ன பிரிவு மாதிரி இருக்கும்.

மறைஞ்ச செலவு இங்கதான் அதிகம். முதல் ரெண்டு தடவ போயிட்டு வந்த ராத்திரி தூக்கம் வராது, முன்ன இருந்தத விட மோசமாத் தோணும். அதுக்காக உடனே நிறுத்திடாதீங்க, மூணு தடவ போய்ப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க. ஆனா மூணாவது தடவையும் அடுத்தவங்க கதைதான் மண்டைக்குள்ள ஓடுதுன்னா அது உங்களுக்கான எடம் இல்ல, விட்டுடலாம், அதுல தப்பே கிடையாது. இன்னொரு செலவு, நடத்துறவர் சரியில்லன்னா ஒரே ஆள் ரெண்டு மணி நேரமும் பேசுவாரு, இல்ல யாரோட இழப்பு பெருசுன்னு போட்டி மாதிரி ஆயிடும்.

இது நல்லா பொருந்துறது: சாவு நடந்து ரெண்டு மூணு மாசம் தாண்டினவங்களுக்கு, சுத்தி ஆள் இருந்தும் தனியா இருக்குற மாதிரி உணர்றவங்களுக்கு, தற்கொலை, பிள்ளையோட சாவுன்னு ஊர் வாய் மூடிக்குற இழப்பு உள்ளவங்களுக்கு. முதல் ரெண்டு மூணு வாரத்துல போகாதீங்க, அப்ப காதுல எதுவுமே விழாது.

## பயிற்சி எடுத்த வாலண்டியர், ஒருத்தருக்கு ஒருத்தர்

கூட்டத்துல பேச வராதவங்களுக்கு, வயசானவங்களுக்கு, வீட்ட விட்டு நகர முடியாதவங்களுக்கு இது நல்ல நடுவழி. பிரிட்டன்ல 'க்ரூஸ்'ங்கற அமைப்பு 1959ல கணவர இழந்த பெண்களுக்காக ஆரம்பிச்சது, இன்னைக்கு யார் வேணா போகலாம், பயிற்சி கொடுத்த வாலண்டியர்கள்தான் அதோட முதுகெலும்பு. வாராவாரம் ஒரே ஆள் வருவாரு இல்ல போன் பண்ணுவாரு, கேப்பாரு. சிகிச்சை கிடையாது, அவரு அத சொல்லிடவும் செய்வாரு. குறை என்னன்னா ஆள் கெடைக்க காத்திருக்கணும், கெடைச்சவரோட ஒத்துப்போகலன்னா மாத்திக் கேக்கக் கூச்சமா இருக்கும். கூச்சப்படாம கேளுங்க, நல்ல அமைப்பா இருந்தா தப்பா எடுத்துக்க மாட்டாங்க.

## கவுன்சிலர், தெரபிஸ்ட்

கவுன்சிலர்னு போர்டு போட்ட எல்லாருக்கும் துக்கத்துல பயிற்சி இருக்குன்னு நம்பிடாதீங்க. துக்கம் டிப்ரெஷன் கிடையாது, ரெண்டும் சேந்தும் வரலாம், ஆனா வைத்தியம் வேற. 2005ல அமெரிக்க மனநல மருத்துவர் கேத்தரின் ஷியர் குழுவினர் வெளியிட்ட ஆய்வுல, உறைஞ்சு போன துக்கத்துக்குன்னே அமைச்ச 16 செஷன் சிகிச்சை எடுத்தவங்கள்ல 51 சதவீதம் பேர் தேறினாங்க, டிப்ரெஷனுக்குக் கொடுக்குற பேச்சு சிகிச்சை எடுத்தவங்கள்ல 28 சதவீதம்தான். அதனால "துக்கத்துக்குன்னு தனியா பயிற்சி எடுத்திருக்கீங்களா"ன்னு நேரா கேக்கலாம், கேக்கணும்.

இன்னொரு கேள்வியும் கேளுங்க, துக்கத்துக்கு அஞ்சு கட்டம்னு சொல்றதப் பத்தி என்ன நெனைக்குறாங்கன்னு. மறுப்பு, கோவம், பேரம், சோர்வு, ஏத்துக்குறதுன்னு மனநல மருத்துவர் எலிசபெத் குப்ளர்-ராஸ் 1969ல எழுதினது, சாகப்போறதா தெரிஞ்ச நோயாளிங்ககிட்ட பேசி எழுதினது. அத அப்படியே இழந்தவங்களுக்கு ஏணி மாதிரி சாத்தி வச்சு "நீங்க இன்னும் ரெண்டாவது படியில இருக்கீங்க"ன்னு யாராவது சொன்னா எழுந்து வந்துடலாம். 1999ல ஸ்ட்ரோப், ஷுட்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் சொன்னதுதான் நான் பாத்ததுக்குப் பக்கத்துல வருது: கொஞ்ச நேரம் இழப்புக்குள்ள முங்குறது, கொஞ்ச நேரம் பில் கட்டுறது, புது வேலை கத்துக்குறதுன்னு வாழ்க்கைப் பக்கம் திரும்புறது, இப்படி மாறி மாறிப் போறதுதான் ஆரோக்கியம். ஒரே பக்கத்துல மாட்டிக்கிட்டாதான் சிக்கல்.

எப்ப இது கட்டாயம்னு ஆகுது? உலக சுகாதார நிறுவனத்தோட ஐசிடி-11 நோய் வகைப்பாடு, உறைஞ்சு போன துக்கத்துக்கு வச்ச பேரான நீடித்த துக்கக் கோளாறுக்கு குறைஞ்சது 6 மாசம்னு சொல்லுது, அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தோட கையேட்டுல 2022ல சேத்தப்ப பெரியவங்களுக்கு 12 மாசம், பிள்ளைங்களுக்கு 6 மாசம்னு வச்சாங்க. அவ்வளவு நாள் ஆகியும் ஏக்கம் கொஞ்சமும் குறையாம, தெனமும் நாள முழுங்கிட்டு இருந்தா போகணும். ஆனா காலண்டர் பாத்துக் காத்திருக்க வேண்டாத சமயமும் உண்டு: சாவ நேர்ல பாத்து அந்தக் காட்சி திரும்பத் திரும்ப வர்றவங்க, குடி கூடுறவங்க, முன்னாடியே டிப்ரெஷன் இருந்தவங்க. நானும் போயிடணும், செத்துடணும்னு எண்ணம் வந்தா இந்த ஒப்பீடெல்லாம் வேணாம், அன்னைக்கே டாக்டர்கிட்டயோ எமர்ஜென்சிக்கோ போகணும், தனியா விடக்கூடாது.

செலவுல காசு வெளிப்படையாத் தெரியுறது. மறைஞ்சது, வாரத்துல அந்த ஒரு மணி நேரம் இருக்குங்கற தைரியத்துல வீட்ல இருக்குறவங்க பேசுறத நிறுத்திடுறது. "அதான் கவுன்சிலர்கிட்ட போறாள்ல" அப்படின்னு எல்லாரும் கைய விட்டுடுவாங்க. அக்கா பையன் விஷயத்துல நான் அதத்தான் பண்ணேன்.

## ஆன்லைன் குழு

ராத்திரி மூணு மணிக்கு முழிச்சு உக்காந்திருக்குறவங்களுக்கு வேற எந்தக் கதவும் தொறந்திருக்காது, அந்த நேரத்துக்கு இதுதான். அரிதான இழப்பு, கருவுலயே போன குழந்தை, இரட்டைப் பிள்ளைங்கள்ல ஒருத்தர் போனது, இப்படி நேர்ல ஆள் கெடைக்காத விஷயத்துக்கு உண்மையிலேயே பெரிய வரம். ஆனா யாரும் பொறுப்பா கவனிக்காத குழுன்னா ஒரே ராத்திரியில இருபது பேரோட துக்கத்தப் படிச்சுட்டுப் படுக்கணும், போலி மருந்து, ஆவியோட பேச வைக்கிறேன்னு காசு புடுங்குறவங்களும் அங்கதான் வலை வீசுவாங்க. மாடரேட்டர் யாரு, எழுதுறது வெளிய தெரியுமான்னு பாத்துட்டுச் சேருங்க. பிள்ளைங்கள இதுல தனியா விடாதீங்க.

## பெரியவங்களுக்கு, ஒரே பார்வையில

| | சொந்தம், நண்பர்கள் | குழு | வாலண்டியர் | தெரபிஸ்ட் | ஆன்லைன் |
|---|---|---|---|---|---|
| எப்ப தொடங்கலாம் | முதல் நாள்ல இருந்து | 2, 3 மாசம் கழிச்சு | சில வாரத்துல இருந்து | தீவிரம்னா உடனே, இல்லன்னா 6 மாசம் பாத்துட்டு | எப்பவும் |
| அஞ்சாறு மாசம் கழிச்சும் இருக்குமா | பெரும்பாலும் குறைஞ்சுடும் | திறந்த குழுன்னா இருக்கும் | சொன்ன கெடு வரைக்கும் | செஷன் முடியுற வரைக்கும் | இருக்கும் |
| மறைஞ்ச செலவு | அவங்களையும் தேத்தணும் | அடுத்தவங்க பாரம் | காத்திருப்பு | வீட்டு ஆளுங்க விலகிடலாம் | தூக்கம், மோசடி |
| யாருக்கு | தெனசரி வாழ்க்கை ஓடுறவங்க | தனிமை, சொல்ல முடியாத இழப்பு | கூட்டம் பிடிக்காதவங்க | உறைஞ்சு போனவங்க, அதிர்ச்சி | நேர்ல துணை கெடைக்காதவங்க |

## பிள்ளைங்களுக்குக் கணக்கு வேற

பெரியவங்க துக்கம் ஆறு மாதிரி ஓடுதுன்னா, பிள்ளைங்க துக்கம் மழைத்தண்ணி தேங்கின குட்டை மாதிரி. விளையாடிட்டே வந்து ஒரு குட்டைக்குள்ள காலு விடும், அழும், அடுத்த நிமிஷம் வெளிய குதிச்சு விளையாடப் போயிடும். அதப் பாத்துதான் நான் சின்னவளுக்கு ஒண்ணும் புரியலன்னு நெனச்சேன். அஞ்சு வயசுக்குக் கீழ இருக்குற பிள்ளைக்கு சாவு திரும்ப வராத ஒண்ணுன்னே தெரியாது, அஞ்சுல இருந்து ஏழுக்குள்ள மெதுமெதுவா பிடிபடும், ஆனா அந்த வயசுல தான் நெனச்சதாலதான் நடந்துச்சுன்னு நம்புற ஒரு குணம் இருக்கும். எங்க பாப்பா, அப்பா போன அன்னைக்குக் காலைல அவருகூட சண்டை போட்டிருக்கா, அதனாலதான் அப்பா செத்துட்டாருன்னு ஏழு மாசம் மனசுக்குள்ளயே வச்சிருந்தா. யாரும் கேக்கல, அவளும் சொல்லல.

முதல் வேலை எந்த உதவியும் தேடுறதுக்கு முன்னாடி வீட்லயே நடக்கணும்: "தூங்குறாரு", "ஊருக்குப் போயிருக்காரு"ன்னு சொல்லாம, செத்துட்டாரு, அவரு ஒடம்பு வேலை செய்யுறது நின்னு போச்சு, திரும்ப வரமாட்டாரு, இது உன்னால நடக்கலன்னு சொல்லணும். தூங்குறாருன்னு சொன்னா பிள்ளை தூங்கவே பயப்படும்.

ஸ்கூல். புதுசா எங்கயும் போக வேணாம், தெனமும் போற எடம், ஒரு டீச்சர் தெரிஞ்சு வச்சிருந்து, "வகுப்புல முடியலன்னா என்கிட்ட வந்து உக்காந்துக்கலாம்"னு சொன்னாலே பாதி பாரம் இறங்கும். சில பிள்ளைங்களுக்கு ஸ்கூல்தான் துக்கமே இல்லாத ஒரே எடம், அங்கயும் அதயே பேசினா பிடிக்காது. அதனால வகுப்புல யார்கிட்ட என்ன சொல்லணும்னு பிள்ளைகிட்டயே கேட்டுட்டு சொல்லுங்க. அடுத்த வருஷம் டீச்சர் மாறும்போது திரும்பவும் சொல்லணும், இத எல்லாரும் மறந்துடுறாங்க.

பிள்ளைங்க குழு. 1982ல அமெரிக்காவுல ஓரிகன் மாநிலத்துல போர்ட்லாண்ட்ல ஆரம்பிச்ச 'டகி சென்டர்' இதுக்கு முன்னோடி, மூளைக்கட்டி வந்த 13 வயசுப் பையன் ஒருத்தன் மத்த பிள்ளைங்களோட பேசினத நெனவுல வச்சு அவன் பேரையே வச்சாங்க. வயசு வாரியா, யார இழந்தாங்க, எப்படி இழந்தாங்கன்னு பிரிச்சுக் குழு போடுவாங்க. உக்கார வச்சு அறிவுரை கிடையாது, வரையலாம், பொம்மை வச்சு விளையாடலாம், கோவம் வந்தா மெத்தை போட்ட ரூம்ல முட்டி மோதலாம், பேச வேண்டிய முறை வந்தா "வேணாம்"னு தாண்டிடலாம். அதே நேரம் பக்கத்து ரூம்ல அவங்கள வளக்குற பெரியவங்களுக்கும் குழு நடக்கும். எனக்கு இதுலயே பெரிய விஷயமாத் தெரியுறது, வகுப்புல அப்பா இல்லாத ஒரே பிள்ளையா இருக்குறவ, அந்த ரூம்ல அப்பா இல்லாத எட்டுப் பேர்ல ஒருத்தியா ஆயிடுறா.

கேம்ப். இழப்பு உள்ள பிள்ளைங்களுக்குன்னே ரெண்டு மூணு நாள், வெளிய தங்கி. டீனேஜ் பிள்ளைங்களுக்கு வட்டமா உக்காந்து பேசுறத விட இதுதான் பிடிக்கும், ஏதாவது செஞ்சுக்கிட்டே பக்கவாட்டுல பேசிடுவாங்க. முடிஞ்சு வீட்டுக்கு வந்ததும் ஒரு இறக்கம் இருக்கும், தொடர்ந்து ஒரு குழுவோ கேம்ப்ல கெடைச்ச நண்பனோ இல்லன்னா ரெண்டு வாரத்துல கரைஞ்சுடும்.

தனிக் கவுன்சிலிங். ரொம்ப நாளா தூக்கத்துல அலறுறது, படுக்கையில ஒண்ணுக்குப் போறது திரும்ப ஆரம்பிச்சு நிக்காம இருக்குறது, ஸ்கூலுக்கே போக மாட்டேன்னு அடம், தன்னக் காயப்படுத்திக்குறது, சாவ நேர்ல பாத்தது, இதுக்கெல்லாம் வேணும். வெறுமனே பேச மாட்டேங்குறான்ங்கறதுக்காக மட்டும்னா யோசிங்க. பையன் அப்புறம் என்கிட்ட சொன்னான், "என்ன மட்டும் கூட்டிட்டுப் போனீங்க, அப்ப எனக்குத்தான் ஏதோ கோளாறுன்னு நெனச்சேன்"னு. அவன் சொன்னது இன்னைக்கும் எனக்கு வலிக்குது.

குடும்பமா சேந்து போறது. ஒண்ணுதான் எடுக்க முடியும்னா நான் இதத்தான் சொல்லுவேன். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துல வில்லியம் வோர்டன்ங்கற ஆராய்ச்சியாளரும் முன்னாடி சொன்ன சில்வர்மேனும் பெற்றோர்ல ஒருத்தர இழந்த 125 பிள்ளைங்கள ரெண்டு வருஷம் தொடர்ந்து பாத்தாங்க, பிள்ளை எப்படித் தேறும்ங்கறத எல்லாத்தையும் விட அதிகமாத் தீர்மானிச்சது, மிச்சமிருக்குற அப்பாவோ அம்மாவோ எப்படி இருக்காங்கங்கறதுதான். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்துல அப்படிப்பட்ட குடும்பங்களுக்கு நடத்தின திட்டத்துல 12 குழு செஷன், பிள்ளைங்களுக்குத் தனி, வளக்குறவங்களுக்குத் தனி, ரெண்டும் ஒரே சமயத்துல. பெரியவங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது பெருசா ஒண்ணும் இல்ல, பிள்ளைகூட தெனமும் கொஞ்ச நேரம் தனியா இருக்குறது, குறுக்க பேசாம கேக்குறது, வீட்டு விதிகள விடாம வச்சிருக்குறது, தன் துக்கத்துக்கும் வழி பாக்குறது. 6 வருஷம் கழிச்சுப் பாத்தப்பவும் அதுல கலந்துக்கிட்ட பிள்ளைங்ககிட்ட வித்தியாசம் தெரிஞ்சுது. இதோட செலவு நேரம்தான், ஒரே நாள்ல வீடு மொத்தத்தையும் கெளப்பணும், அக்கா மாதிரி எழுந்திரிக்கவே முடியாதவங்களுக்கு அது மலையத் தூக்குற மாதிரி, அதனால கூட்டிட்டுப் போக ஒரு சொந்தக்காரர் பொறுப்பெடுத்துக்கணும். நான் அங்கதான் உதவியிருக்கணும்.

## எந்த வீட்டுக்கு எது

சின்னப் பிள்ளைங்க இருக்குற வீட்ல, கணவரையோ மனைவியையோ இழந்தவங்க: முதல் ரெண்டு மாசம் சொந்தம், அதுவும் நாள் பிரிச்சு முறை வச்சு. அப்புறம் பெரியவங்களுக்கும் பிள்ளைங்களுக்கும் சேத்து நடக்குற எடம். அப்படி ஒண்ணு கெடைக்கலன்னா அம்மாவுக்கோ அப்பாவுக்கோ முதல்ல உதவி தேடுங்க, பிள்ளைக்கு ஸ்கூல்ல ஒரு ஆள். இந்த வரிசைய மாத்திப் போட்டதுதான் நான் பண்ண தப்பு.

வயசான காலத்துல துணைய இழந்தவங்க: வாலண்டியர். சாப்பாடு, மருந்து, வாரத்துல ஒருதடவ வெளிய போறது, இதையும் சேத்துப் பாக்குற மாதிரி.

பிள்ளைய இழந்தவங்க: பிள்ளைய இழந்தவங்களுக்குன்னே இருக்குற குழு, பொதுக்குழு வேணாம். கணவனும் மனைவியும் ஒண்ணாப் போகணும்னு கட்டாயப்படுத்தாதீங்க, ஒருத்தர் பேசி ஆத்துவாங்க, இன்னொருத்தர் வேலைல முங்கி ஆத்துவாங்க. அந்த வீட்ல இன்னொரு பிள்ளை இருந்தா அதுதான் எல்லார் கண்ணுக்கும் தப்பிடும், அதுகிட்ட எல்லாரும் "அம்மாவ நல்லா பாத்துக்கோ"ன்னு மட்டும் சொல்லுவாங்க.

தற்கொலை, கொலை, கண் முன்னாடி நடந்த விபத்து: தெரபிஸ்ட்டும் குழுவும் ரெண்டும். தெரபிஸ்ட் முதல்ல.

## சேர்றதுக்கு முன்னாடி போன்ல கேக்க வேண்டியது

யார் நடத்துறாங்க, அவங்களுக்கு என்ன பயிற்சி? யாராவது ரொம்ப மோசமான நெலமைல இருந்தா அடுத்து எங்க அனுப்புவீங்க? (பதில் இல்லன்னா அது பாதுகாப்பான எடம் இல்ல.) எந்த மாதிரி இழப்பு உள்ளவங்க வர்றாங்க, எத்தன பேரு? பேசாம உக்காந்திருக்கலாமா? சொன்னது வெளிய போகாதுங்கறதுக்கு என்ன விதி? பிள்ளைங்களுக்கு வர்ற வாலண்டியர்களப் பின்னணி விசாரிச்சுதான் எடுக்குறீங்களா? மதப் பிரசாரம், பொருள் விக்குறது எதுவும் உண்டா? பாதியில விட்டா என்ன ஆகும், ஒரு வருஷம் கழிச்சு திரும்ப வரலாமா?

கடைசிக் கேள்வி பிள்ளைங்களுக்கு ரொம்ப முக்கியம். ஆறு வயசுல புரிஞ்சுக்கிட்ட சாவ பத்து வயசுல ஒருதடவ, பதினாலுல ஒருதடவன்னு புதுசாப் புரிஞ்சுப்பாங்க, அப்ப திரும்ப அழுவாங்க, பழைய கேள்வியெல்லாம் வரும். பாப்பாவுக்கு இப்ப 14. போன மாசம் அவளே வந்து, அண்ணன நாங்க கூப்பிட்ட அந்த டீனேஜ் குழு இன்னும் நடக்குதான்னு கேட்டா. அண்ணன் அந்த வயசுல ஒத்துக்கவே இல்ல, அவன நாங்க திரும்ப இழுக்கவும் இல்ல, வருஷத்துக்கு ஒருதடவ மட்டும் கேட்டுட்டு விட்டோம். அடுத்த சனிக்கிழமை தங்கச்சிய அங்க கொண்டு போய் விடுறேன்னு அவன் சொல்லியிருக்கான், வாசல்லயே காத்திருப்பானா உள்ள போவானான்னு நாங்க கேக்கல.